பெண் முத்தவல்லி ஆகலாமா? சட்டமும் மார்க்கமும் சந்தாப் புத்தகமும்

வக்ஃபுத் திருத்தச் சட்டம் 2025 ஏப்ரல் 8 அன்று நடைமுறைக்கு வந்தது. அதைப் பற்றிய வாதங்களில் இரு தரப்பும் அடிக்கடி எடுத்துக்கொண்ட தலைப்பு, வக்ஃபு நிர்வாகத்தில் பெண்களின் இடம். இப்போதுதான் பெண்களுக்குக் கதவு திறக்கிறது என்றது ஒரு தரப்பு. எங்கள் மார்க்கம் அதை எப்போதோ திறந்துவிட்டது என்றது மறுதரப்பு. கேட்டுக்கொண்டிருந்த வாசகருக்கோ அடிப்படையான சந்தேகம் அப்படியே நின்றுவிட்டது. பள்ளிவாசல், தர்கா, மதரஸா, அனாதை இல்லம் போன்ற ஓர் அறநிறுவனத்தை ஒரு முஸ்லிம் பெண் தலைமை ஏற்று நடத்த முடியுமா, முடியாதா?

ஒரே சொல்லில் விடை சொல்ல வேண்டுமானால் ‘முடியும்’ என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அது எந்த நிறுவனம், அதை உண்டாக்கிய பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது, அந்தப் பதவியின் வேலை எது என்பதைப் பொறுத்து விடையின் எல்லை மாறும். அதை அறியச் சில சொற்களைப் பிரித்துக்கொள்வது நல்லது.

சொற்கள்

1. வக்ஃபு: ஒருவர் தம் சொத்தை இறைவனுக்கென நிரந்தரமாக ஒதுக்கி, அதன் வருமானம் அறத்துக்குச் செல்லும்படி செய்யும் ஏற்பாடு. ஒதுக்கிய பின் அதைத் திரும்பப் பெற முடியாது. ஒதுக்குபவருக்கு வாகிஃப் என்று பெயர்.

2. முத்தவல்லி: அந்தச் சொத்தைப் பராமரித்து, வருமானத்தைப் பத்திரம் சொல்லும் வழியில் செலவிடுபவர். சொத்துக்கு அவர் உரிமையாளர் அல்லர். சென்னை மாகாணத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில் 1921-இல் இதைத் தெளிவாக்கியது: சொத்து இறைவனுக்கு உரியது, முத்தவல்லி அதன் மேலாளர் மட்டுமே. ஆங்கிலேயச் சட்டத்து அறங்காவலரிடம் சொத்தின் சட்ட உரிமை ஒப்படைக்கப்படும். முத்தவல்லியிடம் அது ஒருபோதும் வருவதில்லை.

3. ஜமாஅத்: ஒரு மஹல்லாவின், அதாவது ஒரு பள்ளிவாசலைச் சார்ந்த குடியிருப்பின், குடும்பங்கள் சேர்ந்த அமைப்பு. பெரும்பாலான தமிழ்நாட்டு ஊர்களில் பள்ளிவாசலை நடத்துவது ஜமாஅத் தேர்ந்தெடுக்கும் நிர்வாகக் குழுதான். அந்தக் குழுவின் தலைவரையே பேச்சுவழக்கில் முத்தவல்லி என்பார்கள்.

4. வக்ஃபு வாரியம்: மாநில அளவில் எல்லா வக்ஃபுகளையும் கண்காணிக்கும் சட்டப்பூர்வ அமைப்பு. இது எந்தப் பள்ளிவாசலையும் அன்றாடம் நடத்துவதில்லை. கணக்குக் கேட்கும், அனுமதி கொடுக்கும், தேவைப்பட்டால் முத்தவல்லியை நியமிக்கும், நீக்கும்.

5. பைத்துல்மால்: ஜகாத் (கடமையான தர்மம்), சதகா (விரும்பிக் கொடுக்கும் தர்மம்) ஆகியவற்றைத் திரட்டி ஏழைகளுக்குப் பகிரும் பொதுநிதி.

செய்திகளில் எழுந்த குழப்பத்தில் பாதி, மூன்றாவதையும் நான்காவதையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கியதால் வந்தது.

வாரிய நாற்காலி வேறு, முத்தவல்லி வேலை வேறு

வாரியத்தில் பெண்களுக்கு இடம் 2025-இல் பிறந்த யோசனை அல்ல. மத்திய வக்ஃபு கவுன்சிலிலும் ஒவ்வொரு மாநில வாரியத்திலும் குறைந்தது இரண்டு பெண்கள் வேண்டும் என்று முஸ்லிம்களின் நிலையை ஆராய்ந்த சச்சார் குழு 2006-இல் பரிந்துரைத்தது. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 2013-இல் வந்த திருத்தம் அதை மாநில வாரியங்களுக்குக் கட்டாயமாக்கியது. முஸ்லிம் உறுப்பினர்களில் இருவர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது 2025 திருத்தத்தின் வாசகம். ஆக, எண்ணிக்கையில் மாற்றம் ஏதும் இல்லை. இரண்டு இரண்டாகவே இருக்கிறது.

உறுப்பினர்கள் வந்து சேரும் வழிதான் மாறியிருக்கிறது. முன்பு ஆண்டு வருமானம் ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத வக்ஃபுகளின் முத்தவல்லிகள் வாக்களித்துத் தங்கள் பிரதிநிதியை வாரியத்துக்கு அனுப்பினார்கள். பெரிய வக்ஃபு ஒன்றுக்குப் பெண் முத்தவல்லி இருந்தால் அவர் கையிலும் ஒரு வாக்கு இருந்தது. புதிய சட்டத்தில் தேர்தல் போய் மாநில அரசின் நியமனம் வந்துவிட்டது. இதைப் பெண்களுக்கான சட்டம் என்று வருணித்தவர்கள், பெண் முத்தவல்லியின் வாக்கும் இதில் சேர்ந்து போனதைப் பேசவே இல்லை.

2025 செப்டம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் தந்த இடைக்கால உத்தரவு பெண்களைப் பற்றிய பிரிவுகளைத் தொடவில்லை. வக்ஃபு செய்பவர் ஐந்தாண்டுகள் இஸ்லாத்தைக் கடைப்பிடித்தவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை, விதிகள் வகுக்கப்படும் வரை அது நிறுத்திவைத்தது. மாநில வாரியத்தின் 11 பேரில் முஸ்லிம் அல்லாதவர்கள் மூவரைத் தாண்டக் கூடாது என்றும் வரம்பு கட்டியது.

உறுப்பினர் பதவியைத் தாண்டி, வாரியத் தலைமையிலேயே பெண்கள் இருந்திருக்கிறார்கள். தமிழ்நாடு வக்ஃபு வாரியத்தின் தலைவராக வழக்கறிஞர் பதர் சயீத் இருந்தார். பின்னர் 2006-இல் திருவல்லிக்கேணியிலிருந்து சட்டமன்றத்துக்குத் தேர்வானார். காஜிகள் தலாக் சான்றிதழ் வழங்குவதை எதிர்த்து அவர் தொடுத்த வழக்கில்தான் 2017 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய சான்றிதழ்களுக்கு இடைக்காலத் தடை விதித்தது. ஜம்மு காஷ்மீர் வாரியத்துக்கு 2022 முதல் தரக்ஷான் அந்த்ராபி தலைவராக இருந்துவந்தார். 2025 செப்டம்பரில் ஹஸ்ரத்பல் தர்காவின் கல்வெட்டில் அசோகச் சின்னம் பொறிக்கப்பட்டதை ஒட்டி எழுந்த சர்ச்சையில் அவர் பெயர் நாடெங்கும் அடிபட்டது.

வாரியத் தலைமை அரசு நியமனத்தின் வழியே வரும் பதவி. தெருமுனைப் பள்ளிவாசலின் முத்தவல்லி பதவி அப்படி வருவதில்லை. அது பத்திரத்தின் வழியாகவோ மரபின் வழியாகவோ ஊரின் ஒப்புதலாலோ வருகிறது. மேலே பெண் தலைவர் இருப்பதால் கீழே கதவு தானாகத் திறந்துவிடாது.

மார்க்கச் சட்டத்தின் நிலை

வக்ஃபின் மூலக் கதையே இந்தக் கேள்விக்கு விடை வைத்திருக்கிறது. கைபரில் தமக்குக் கிடைத்த நல்ல நிலத்தை என்ன செய்யலாம் என்று நபித்தோழர் உமர் நபிகளாரிடம் கேட்டார். மூலத்தை நிறுத்திவைத்து விளைச்சலைத் தர்மமாக்கும்படி பதில் வந்தது. அந்த நிலத்துக்கு உமர் எழுதிவைத்த ஏற்பாட்டின் வாசகம் அபூதாவூத் நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. தமக்குப் பின் அதை நிர்வகிக்க அவர் குறித்தது மகள் ஹஃப்ஸாவின் பெயரை. ஹஃப்ஸா வாழும் வரை அவர் பொறுப்பு, அதன்பின் குடும்பத்தில் விவேகம் உள்ளவர். கைபர் நிலத்தின் செய்தியை நமக்கு அறிவிப்பவர் ஹஃப்ஸாவின் உடன்பிறந்த தம்பி அப்துல்லாஹ் இப்னு உமர். அதாவது ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் வேறு வழியின்றி மகளுக்குப் போன பொறுப்பு அல்ல இது. மகன் இருந்தும் மகளுக்குக் கொடுத்தது.

பிற்காலச் சட்ட அறிஞர்கள் வக்ஃபு நிர்வாகிக்குக் கேட்ட தகுதிகளில் இரண்டு முக்கியமானவை. ஒன்று நம்பகம், மற்றொன்று திறமை. ஆணாக இருப்பதை அவர்கள் நிபந்தனையாக வைக்கவில்லை. தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர்களில் ஷாஃபிகளும் உள்நாட்டில் ஹனஃபிகளும் மிகுதி. இந்த விஷயத்தில் இந்த இரு மத்ஹபுகளுக்கும் (மார்க்கச் சட்ட மரபுகளுக்கும்) பிணக்கு இல்லை.

அப்படியானால் எதிர்ப்பு எங்கிருந்து வருகிறது? இரண்டு இடங்களிலிருந்து.

முதலாவது, ‘தங்கள் ஆட்சியை ஒரு பெண்ணிடம் ஒப்படைத்த சமூகம் வெற்றி பெறாது’ என்ற பொருளில் புகாரி தொகுப்பில் உள்ள நபிமொழி. பாரசீகத்தில் கிஸ்ராவின் (பேரரசரின்) மகள் அரியணை ஏறிய செய்தி வந்தபோது சொல்லப்பட்டது அது. அதைச் சட்ட அறிஞர்கள் நாட்டின் தலைமைக்கும், பலர் நீதிபதி பதவிக்கும் உரியதாக எடுத்துக்கொண்டார்கள். சொத்து நிர்வாகத்துக்கு அதை அவர்கள் நீட்டவில்லை. ஊர்க்கூட்டத்தில் யாரோ ஒருவர் எழுந்து இதைச் சொன்னதும் பேச்சு நின்றுவிடுகிறது. அதற்குக் காரணம் அந்த நபிமொழியின் விரிவுரை கூட்டத்தில் எவர் கையிலும் இல்லாததுதான்.

இரண்டாவது, ‘தலைமை’ என்ற சொல்லே செய்யும் குளறுபடி. ஆண்கள் உள்ள ஜமாஅத் தொழுகைக்குப் பெண் இமாமாக நிற்பதை நான்கு மத்ஹபுகளும் ஏற்பதில்லை. தொழுகையில் முன்னால் நிற்பவரும் தலைவர், கடை வாடகையை வசூலித்துக் கணக்கு எழுதுபவரும் தலைவர் என்று பேசிப் பழகிவிட்டோம். இந்த இரண்டில் முன்னதற்குச் சொன்ன விதியைப் பின்னதற்குப் போர்த்திவிடுகிறோம்.

நீதிமன்றங்கள் கிழித்த கோடு

இதே வேறுபாட்டைத்தான் பிரிட்டிஷ் காலத்து நீதிமன்றங்களும் பற்றிக்கொண்டன. பெண் முத்தவல்லியாவதற்குப் பெண் என்பது தடையல்ல என்பதைப் பிரிவி கவுன்சில் இருபதாம் நூற்றாண்டின் முதற்பத்தாண்டிலேயே ஏற்றுக்கொண்டது. ஆனால் சென்னை உயர் நீதிமன்றம் 1918-இல், தர்காவின் முஜாவர் பொறுப்பு பெண்ணுக்கு உரியதல்ல என்றது. முஜாவர் அடக்கத்தலத்தில் இருந்து சடங்குகளைச் செய்பவர், எனவே அந்த வேலை உலகியல் நிர்வாகம் மட்டும் அல்ல என்பது அதன் தர்க்கம்.

இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால் கோடு தெரியும்:

1. பதவியின் வேலை முழுக்க நிர்வாகம் என்றால் பெண் வரலாம்.

2. வேலையில் சமயக் கடமையும் கலந்திருந்து, அதை ஒரு பிரதிநிதியை வைத்துச் செய்ய முடியும் என்றால் அப்போதும் பெண் வரலாம். தொழுகை நடத்தும் இமாமையும் வெள்ளிக்கிழமை உரையான குத்பாவை ஓதும் கத்தீபையும் நியமிப்பது முத்தவல்லியின் பொறுப்பு. அவரே மிம்பரில் (உரை மேடையில்) ஏறி குத்பா ஓத வேண்டியதில்லை. இன்று ஆண் முத்தவல்லிகளில் எத்தனை பேர் குத்பா ஓதுகிறார்கள்?

3. பதவியே ஒரு சமயக் கடமைதான், பிரதிநிதியாலும் அதை நிறைவேற்ற முடியாது என்றால் மட்டும் நீதிமன்றம் தயங்குகிறது. சஜ்ஜாதாநஷீன் போன்ற ஆன்மிக வாரிசுப் பதவிகள் இந்த வகை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் முத்தவல்லி என்ற சொல்லுக்குத் தந்த விளக்கத்தில் நாயிப் (துணை) முத்தவல்லி, காதிம் (பணியாளர்), முஜாவர், சஜ்ஜாதாநஷீன் எல்லோரையும் ஒரே கூடையில் போட்டிருக்கிறது. கண்காணிப்புக்கு அது வசதி. ஆனால் ‘பெண் முத்தவல்லி’ என்று யாராவது சொன்னால் எதிரில் இருப்பவர் மனத்தில் தர்கா முஜாவரின் உருவம் எழுவதற்கு அந்தக் கூடையும் ஒரு காரணம்.

2025 திருத்தம் முத்தவல்லிக்கான தகுதியின்மைகளைத் தனிப் பிரிவாகவே எழுதியிருக்கிறது. 21 வயது நிரம்பாதவர், மனநலம் குன்றியவர், திவாலானவர், இரண்டாண்டுக்குக் குறையாத சிறைத்தண்டனை பெற்றவர், வக்ஃபுச் சொத்தை ஆக்கிரமித்தவர், முன்பு முத்தவல்லி பதவியிலிருந்து நீக்கப்பட்டவர் ஆகியோர் அந்தப் பட்டியலில் வருகிறார்கள். பெண் என்பது பட்டியலில் இல்லை. வாய்மொழி நியமனம் இனிச் செல்லாது என்ற மாற்றமும் இதே திருத்தத்தில்தான் வந்தது. இதன் விளைவைப் பெண்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். ‘எனக்குப் பிறகு நீ பார்த்துக்கொள்’ என்று தந்தை மகளிடம் சொன்னதை வைத்து இனி உரிமை கோர முடியாது. எழுத்தில் வேண்டும்.

இலங்கையில் முஸ்லிம் குடும்ப வழக்குகளை விசாரிக்கும் காதி (நீதிபதி) நீதிமன்றங்களின் சட்டத்தோடு ஒப்பிட்டால் இங்கே சட்டம் எவ்வளவு திறந்திருக்கிறது என்பது விளங்கும். அங்குள்ள முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் ‘ஆண் முஸ்லிம்’ காதியாக நியமிக்கப்படலாம் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. அங்கே பெண்கள் சட்டத்தைத் திருத்தக் கோரிப் போராட வேண்டியிருக்கிறது. இந்திய முத்தவல்லி விஷயத்தில் திருத்த வேண்டிய வரி என்று ஒன்று சட்டப் புத்தகத்தில் இல்லை.

எந்த நிறுவனம், எந்த விடை?

அ) குடும்ப வக்ஃபு. சந்ததியினரின் பராமரிப்புக்கும் அறத்துக்குமாகச் சேர்த்து எழுதப்படுவது. இங்கே பெண் முத்தவல்லிகள் புதிதல்லர். போபால் அரச குடும்பத்தின் அவ்காஃப்-ஏ-ஷாஹிக்கு மன்சூர் அலி கான் பட்டோடியின் மகள் சபா முத்தவல்லியாக இருக்கிறார். போபாலிலிருந்து ஹஜ் செல்பவர்கள் மக்காவிலும் மதீனாவிலும் தங்குவதற்கான ரூபாத்துகளின் பொறுப்பும் அந்த அமைப்பைச் சேர்ந்தது. போபாலை நான்கு தலைமுறை பேகம்கள் ஆண்டதால் அந்த ஊருக்கு இது வியப்பாக இருந்திருக்காது.

இந்த வகையில் எல்லாம் பத்திரத்தின் ஒரு வரியில் இருக்கிறது. ‘என் ஆண் சந்ததியில் மூத்தவர்’ என்று வாகிஃப் எழுதியிருந்தால் மகளுக்கு வழி அடைபட்டது. ‘என் சந்ததியில் தகுதியானவர்’ என்று எழுதியிருந்தால் வழி திறந்தது. வாகிஃபின் வாசகத்துக்கு மார்க்கச் சட்டம் தரும் மதிப்பு மிகப் பெரியது. நீதிமன்றங்களும் அதை எளிதில் மீறுவதில்லை. எனவே பெண்களை உள்ளே கொண்டுவர நினைக்கும் செல்வந்தர்கள் தங்கள் பத்திரத்தை எழுதும்போதே அதைச் செய்யலாம். பெண் வாரிசுகளின் பாகத்தைப் பறிக்கும்படி குடும்ப வக்ஃபு அமையக் கூடாது என்றும் 2025 திருத்தம் சேர்த்திருக்கிறது.

ஆ) பள்ளிவாசல். சட்டப்படி தடை இல்லை, நடைமுறையில் மிக அரிது. காரணம் பின்னால் வருகிறது.

இ) தர்கா. நிர்வாகக் குழுவும் முஜாவர் பொறுப்பும் தனித்தனியாக இருக்கும் இடங்களில் முதலாவதில் பெண் அமரலாம். இரண்டும் ஒரே குடும்பத்தில் கலந்திருக்கும் இடங்களில் 1918 தீர்ப்பின் நிழல் இன்னும் விழும்.

ஈ) பெண்கள் மதரஸா, பெண்கள் கல்லூரி, அனாதை இல்லம். இங்கே பெண் தலைமைக்கு ஊரும் முணுமுணுப்பதில்லை. காயல்பட்டினத்தில் பெண்களுக்கென்றே தைக்காக்கள் இருக்கின்றன. தொழுகையும் ஓதலும் பெண்களின் கூட்டங்களும் அங்கே பெண்களின் பொறுப்பில் நடக்கின்றன. பெண்களால் ஓர் அமைப்பை நடத்த முடியுமா என்று ஐயப்படுபவர்கள் சொந்த ஊரின் தைக்காவை எட்டிப் பார்க்கலாம்.

உ) அறக்கட்டளை, பதிவுபெற்ற சங்கம். வக்ஃபாக அல்லாமல் அறக்கட்டளைப் பத்திரத்தின் வழியோ, 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழோ தொடங்கிய முஸ்லிம் தொண்டு நிறுவனங்கள் இந்த வகை. பொது அறநிறுவனங்களுக்கான சட்டங்களின் கீழ் முஸ்லிம்கள் அமைத்த அறக்கட்டளைகள் வக்ஃபுச் சட்டத்துக்கு உட்பட்டவை அல்ல என்று 2025 திருத்தம் தெளிவாக்கியிருக்கிறது. துணைவிதிகள் என்ன சொல்கின்றனவோ அதுவே இங்கே சட்டம். பெண் தலைவர், பெண் செயலாளர், பெண் பொருளாளர் என எதற்கும் தடையில்லை. மாவட்ட ஆட்சியரைத் தலைவராகக் கொண்டு, திரட்டும் நன்கொடைக்கு அரசின் இணை மானியமும் பெற்று, விதவைகளுக்கும் கைவிடப்பட்ட பெண்களுக்கும் உதவும் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கங்கள் தமிழ்நாட்டு மாவட்டங்களில் இயங்குகின்றன. பெண்களின் பொதுப்பணிக்கு அவையும் ஒரு களம்.

பொறுப்பேற்றதும் கைக்கு வருவது

மரியாதையைப் பற்றிய பேச்சு அதிகம், வேலையைப் பற்றிய பேச்சு குறைவு என்பதால் இதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். டெல்டா மாவட்டச் சிற்றூர் ஒன்றில், ஒரு பள்ளிவாசலின் நிர்வாகத்துக்கு ஒரு பெண் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாசலில் ஐந்து கடைகள், குத்தகைக்கு விட்ட இரண்டு ஏக்கர் நஞ்சை, பின்புறம் மையவாடி (அடக்கத்தலம்).

முதல் நாள் அவரிடம் ஒரு பீரோச் சாவி வரும். உள்ளே ஓரங்கள் உதிரும் வக்ஃபுப் பத்திரத்தின் நகல், வக்ஃபுச் சொத்துப் பட்டியல் வந்த அரசிதழின் ஒளிநகல், பட்டா, தீர்வை ரசீதுகள், வாடகை நோட்டு. நோட்டைப் புரட்டினால் மூன்றாவது கடைக்காரர் பத்தாண்டாக அதே வாடகையைக் கொடுத்து வருவதும், ஐந்தாவது கடையின் வாடகைக்காரர் கடையை வேறொருவருக்கு உள்வாடகைக்கு விட்டிருப்பதும் தெரியவரும். குத்தகை நெல் எவ்வளவு வந்தது என்பது பென்சிலில் எழுதியிருக்கும்.

இனிச் சட்டம் கேட்பவை:

1. வருடாந்திர வரவு செலவுத் திட்டமும் கணக்கும் வாரியத்துக்குப் போக வேண்டும்.

2. நிகர வருமானத்தில் ஒரு பங்கை வாரியத்துக்குச் செலுத்த வேண்டும். உச்சவரம்பு முன்பு 7 சதவீதம், 2025 திருத்தத்துக்குப் பின் 5 சதவீதம். சட்டம் அனுமதிக்கும் கழிவுகள் போக நிகரம் 2,40,000 ரூபாய் என்றால், முன்பு 16,800 வரை கட்ட வேண்டியிருந்த இடத்தில் இப்போது 12,000 வரை. முந்தைய நிர்வாகத்தின் பாக்கி இருந்தால் அதுவும் இவர் மேசைக்குத்தான் வரும்.

3. சொத்து விவரங்களை ‘உமீத்’ இணையதளத்தில் பதிவேற்ற வேண்டும். 2025 ஜூன் 6 அன்று தொடங்கிய அந்தத் தளத்தில் ஏற்கெனவே பதிவான வக்ஃபுகளுக்கு ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. அதைத் தவறவிட்டவர்கள் தீர்ப்பாயத்தை அணுக வேண்டிய நிலை. எல்லை, அளவு, ஆக்கிரமிப்பு, வழக்கு என்று தளம் கேட்கும் விவரங்களில் பாதி, பீரோவில் இருக்காது. கிராம நிர்வாக அலுவலகத்துக்கும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் நடக்க வேண்டும்.

4. குத்தகையோ வாடகையோ புதுப்பிப்பதென்றால் 2014-ஆம் ஆண்டு வக்ஃபுச் சொத்துக் குத்தகை விதிகளைப் பின்பற்ற வேண்டும். விற்கவோ தானமாகக் கொடுக்கவோ அடமானம் வைக்கவோ முடியாது.

5. கடமை தவறினால் அபராதம், சில தவறுகளுக்குச் சிறை, பதவி நீக்கம்.

இவற்றோடு ஜகாத் கணக்கு தனி. ஜகாத் யாருக்குச் சேர வேண்டும் என்று குர்ஆன் (9:60) எட்டு வகையினரைச் சொல்கிறது. பள்ளிவாசலுக்கு வெள்ளையடிக்க அந்தப் பணத்தைத் தொடக் கூடாது என்பது பெரும்பான்மை அறிஞர்களின் கருத்து. வக்ஃபு வருமானம், ஜகாத், பொது நன்கொடை, ரமலானில் நோன்புக் கஞ்சிக்கு அரசு தரும் அரிசி ஆகிய நான்கையும் நான்கு ஏடுகளில் வைப்பவரே நல்ல நிர்வாகி. இந்த வேலையில் எந்த வரிக்கு ஆண் குரல் தேவைப்படுகிறது என்று தேடிப் பார்த்தால் கிடைக்காது.

ஆனால் வேறொன்று கிடைக்கும். வாடகை பாக்கியைக் கேட்டுக் கடிதம் அனுப்பினால், கடைக்காரர் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு “அண்ணன் வரட்டும், பேசிக்கொள்கிறேன்” என்பார். எந்த அண்ணன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கடிதத்தில் கையெழுத்துப் போட்டவரிடம் பேசுவதுதான் முறை என்பதை நிர்வாகக் குழு ஒரே குரலில் சொன்னால் இது இரண்டு மாதத்தில் அடங்கிவிடும். குழுவே பக்கவழியில் வாடகை வாங்கிக்கொண்டால் அந்தப் பெண்ணின் பதவி லெட்டர் பேடில் மட்டும் இருக்கும். உள்ளாட்சிகளில் பெண் தலைவர்களின் கணவர்களை நாம் நிறையப் பார்த்துவிட்டோம். இங்கே புதிதாக விளக்கத் தேவையில்லை.

தடை இருக்கும் இடம்

சட்டத்தில் தடை இல்லை. மார்க்கச் சட்டத்தில் நிர்வாகத்துக்குத் தடை இல்லை. பிறகு ஏன் பள்ளிவாசல் நிர்வாகங்களில் பெண்கள் இத்தனை அரிது?

வழக்கமான பதில், ‘ஆணாதிக்க மனப்பான்மை’. அது பொய்யல்ல, ஆனால் அந்த மனப்பான்மை எந்தக் காகிதத்தில் குடியிருக்கிறது என்று பார்ப்பது பயனுள்ளது. ஜமாஅத்தின் சந்தாப் புத்தகத்தில் அது குடியிருக்கிறது. பல ஊர்களில் சந்தா தலைக்கட்டுக் கணக்கில் வசூலாகிறது. ஒரு குடும்பம், ஒரு தலைக்கட்டு, ஒரு பெயர். அந்தப் பெயர் ஆணின் பெயர். நிர்வாகத் தேர்தலில் வாக்கும் அந்தப் பெயருக்குத்தான். கணவர் இறந்துவிட்டால் சில இடங்களில் சந்தா மகன் பெயருக்கு மாறுகிறது. மகன் இல்லாவிட்டால் விதவையின் பெயரில் சந்தா வாங்கப்படலாம், கூட்ட அழைப்பு வருவதில்லை. பணம் ஏற்கப்படுகிறது, வாக்கு ஏற்கப்படுவதில்லை.

பொதுக்குழு கூடும் நேரமும் இடமும் அடுத்த கதவு. ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பள்ளிக்குள்ளேயே கூட்டம் நடக்கும். பெண்கள் தொழ இடம் இல்லாத பள்ளியில், அந்த நேரம் உள்ளே இருப்பவர்கள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒருவரும் பெண்களை விலக்கித் தீர்மானம் போட வேண்டிய அவசியமே எழுவதில்லை.

புதுக்கோட்டையில் தாவூத் ஷரீஃபா கானம் 2000-களின் தொடக்கத்தில் பெண்கள் ஜமாஅத் ஒன்றைத் தொடங்கி, பெண்களுக்கென ஒரு பள்ளிவாசல் கட்டும் திட்டத்தையும் அறிவித்தபோது இந்த இடத்தைத்தான் தொட்டார். குடும்ப வழக்குகளை ஜமாஅத் விசாரிக்கிறது, விசாரிப்பவர்கள் ஆண்கள், பாதிக்கப்பட்ட பெண் அறைக்கு வெளியே நிற்கிறாள் என்பது அந்த முயற்சியின் பின்னணி. தனி ஜமாஅத் என்பதை எல்லோரும் ஏற்கவில்லை. ஊர் இரண்டாகும் என்ற அச்சம் இருந்தது, அதற்கு நியாயமும் உண்டு. ஆனால் இருக்கிற ஜமாஅத்தின் வாக்காளர் பட்டியல் ஆண்களோடு முடிந்துவிட்டால், வெளியே நிற்பவர்கள் வேறு கூரை தேடுவதைக் குறை சொல்ல முடியாது.

வாரியத்துக்கு இதில் செய்யக்கூடிய காரியம் உண்டு. வக்ஃபு ஒன்றின் நிர்வாகத் திட்டத்தை வகுக்கவும், முத்தவல்லியை நியமிக்கவும் நீக்கவும் சட்டம் அதற்கு அதிகாரம் தந்திருக்கிறது. தகராறு வந்த பள்ளிவாசலுக்குப் புதுத் திட்டம் எழுதும்போது ‘பதினெட்டு வயது நிரம்பிய மஹல்லாவாசிகள்’ என்று ஒரு வரி எழுதினாலே போதும், பட்டியல் இரண்டு மடங்காகிவிடும். வாரியத்தில் இருக்கும் இரண்டு பெண் உறுப்பினர்கள் எதற்குப் பயன்படலாம் என்று கேட்பவர்களுக்கு இது ஒரு பதில்.

பொறுப்பை ஏற்பதற்கு முன் கேட்க வேண்டியவை

1. இது வக்ஃபா, அறக்கட்டளையா, சங்கமா? பதிவு எண் என்ன?

2. பத்திரத்தில் முத்தவல்லி பற்றிய வரி எப்படி இருக்கிறது? மொழிபெயர்ப்பை நம்ப வேண்டாம். பழைய பத்திரம் உருதுவிலோ பாரசீகத்திலோ இருந்தால் தெரிந்தவரை வைத்து மூலத்தையே படிக்க வேண்டும். ‘அவ்லாத்’ என்றால் பிள்ளைகள். அதைத் தமிழில் ‘மகன்கள்’ என்று எழுதிவிட்டால் ஒரு தலைமுறைப் பெண்களின் உரிமை போய்விடும்.

3. நியமனம் எழுத்தில் இருக்கிறதா? வாரியத்தின் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா?

4. பாக்கிகள் என்னென்ன? வாரியத்துக்கு, மின்வாரியத்துக்கு, இமாமின் சம்பளத்துக்கு?

5. வங்கிக் கணக்கில் காசோலைக்கு யார் யார் கையெழுத்து? முந்தைய நிர்வாகியின் பெயர் நீங்கிவிட்டதா?

6. ஊதியம் உண்டா? பத்திரம் ஒன்றும் சொல்லவில்லையென்றால், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் நீதிமன்றம் நிர்ணயிக்கலாம் என்பது பழைய மரபு. ‘பெண்தானே, சேவையாகச் செய்யட்டும்’ என்பது எந்தச் சட்டத்திலும் இல்லை.

7. சந்தாப் புத்தகத்தில் உங்கள் பெயர் இருக்கிறதா, அல்லது உங்கள் வீட்டு ஆணின் பெயர் மட்டும்தானா? அடுத்த பொதுக்குழு அறிவிப்பு யார் பெயருக்கு வரும்?